மண்கோட்டையில் அகழாய்வுப் பயிற்சி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் காலத்துக் கோட்டை மேடுகளுக்கு முதன்முறையாகக் களப்பயிற்சிக்கு வரும் தொல்லியல், வரலாறு மாணவர்களுக்கானது இது. சீமை என்று இங்கே சொல்வது இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் மூன்றையும் சேர்த்துத்தான்.

வந்து பார்த்தால் வெறும் மேடுதான் தெரிகிறது. கோட்டை எங்கே?

அந்த மேடுதான் கோட்டை. பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுக்கும் மதிலும் வாசலும் 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழையது முழுக்க மண். 1801 முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி எழுதிவைத்த அளவு இது: நீளவாக்கில் சுமார் 500 அடி, அகலவாக்கில் 300 அடி, சுவர் உயரம் சுமார் 12 அடி, ஆங்காங்கே சிறு சதுரக் கொத்தளங்கள்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் கம்பெனிப் படை தாக்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை தரப்பு அதே இடத்தில் மளமளவென்று மறுபடி எழுப்பியது. மே 24 அன்று அதுவும் விழுந்து இரண்டாம் முறையாக இடிக்கப்பட்டது. ஆக ஒரே மேட்டில் இரண்டு கட்டுமானம், இரண்டு இடிப்பு, முதல் இடிப்புக்கும் மறுகட்டுக்கும் இடைவெளி ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. இந்த இடைவெளியைப் பானை ஓடுகளை வைத்துப் பிரிக்கவே முடியாது, 1799ஆம் ஆண்டு பானையும் 1801ஆம் ஆண்டு பானையும் ஒன்றுதான். மண்ணால்தான் பிரிக்க முடியும். இடையில் இரண்டு ஐப்பசி கார்த்திகை மழை பெய்திருக்கிறது. முதல் இடிபாட்டின் மேல் மழைநீர் இழுத்துவந்த வண்டல் ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தால், அதற்குக் கீழே 1799, மேலே 1801. இப்படிப்பட்ட இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது பொருள் எடுப்பதை அல்ல, மண்ணைப் படிப்பதை.

அப்படியானால் அங்கேயே போய்த் தோண்டிப் பழகலாமா?

கூடாது. நமக்குத் தெரிந்த இடம், நம்ம ஊர்க் கோட்டை என்பதெல்லாம் சட்டத்தில் எடுபடாது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாமல் ஒரு சட்டி மண்ணை எடுத்தாலும் குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அகழாய்வு உரிமத்தை இந்தியத் தொல்லியல் துறை ஒரு நிறுவனத்துக்கு, ஓர் இயக்குநரின் பெயரில், ஒரு களப்பருவத்துக்கென்று கொடுக்கும். பருவம் அக்டோபரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடியும். உரிமம் உள்ள குழுவில் பெயர் சேர்த்துக்கொண்டு போவதுதான் மாணவருக்கு வழி. பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

உரிமம் இல்லாத வருடம் வீணான வருடம் அல்ல. மேற்பரப்பு அளவை, சமோன்னதக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைதல், கிணற்று வெட்டுமுகங்களை (வெட்டிய பக்கச் சுவர்களை)த் தூரத்திலிருந்து பார்த்து மண்ணடுக்கு எழுதுதல் எல்லாம் தோண்டாமலே நடக்கும்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி, பங்குனி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரிசலில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. சித்திரைக்குப் பிறகு அதே மண் கல்லாகிவிடும், கொத்தனார் கரணை எகிறும். ஆனி, ஆடிக் காற்றில் சல்லடை போட்டால் மண் முழுக்க முகத்தில்தான். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் முகாம் போடுபவர்கள் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நாட்களையும் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். வேலையாட்களும் வர மாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது.

என்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

கொத்தனார் கரணை ஒன்று, 4 அல்லது 5 அங்குலம், முனை கூரானது, அலகும் பிடிக்குள் போகும் தண்டும் ஒரே துண்டாக அடித்துச் செய்தது. ஒட்டவைத்த கரணை கரிசலில் இரண்டாம் நாளே முறியும். 5 மீட்டர் டேப், நூல் ரசமட்டம், தூக்குக்குண்டு, 2 அங்குலப் பெயின்ட் பிரஷ், மில்லிமீட்டர் கிராப் தாள், 2எச் பென்சில், தண்ணீரில் அழியாத மார்க்கர், தொப்பி, முழங்கால் மூடும் பேன்ட், மூடிய ஷூ. மண்வெட்டி, களைக்கொத்தி, இரும்புச் சட்டி, சல்லடை, டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் கோணமும் அளக்கும் மின்னணுக் கருவி) எல்லாம் முகாமில் இருக்கும். பால்பாயின்ட் பேனாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வியர்வை பட்ட நோட்டில் அது எழுதாது.

குழி எப்படிப் போடுவது?

கோட்டைக்குள்ளே குடியிருப்புப் பகுதி என்றால் வழக்கமான கட்டம்தான். 5 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு பக்கமும் கால் மீட்டர் விட்டு உள்ளே 4.5 × 4.5 மீட்டருக்கு நூல் கட்டுவோம். பக்கத்துக் குழிக்கும் இதற்கும் நடுவில் அரை மீட்டர் மண் வரப்புப் போல நிற்கும். மண்ணடுக்குக்கு அந்த வரப்புதான் சாட்சி, அதன் மேல் உட்காரவோ டீ கிளாஸ் வைக்கவோ கூடாது. மூலைக்கு மூலை 6.36 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் முளையைப் பிடுங்கி மறுபடி அடியுங்கள். முதல் நாள் விட்ட கோணல் பத்தாம் நாள் ஒரு சாணாகிவிடும்.

மதிலை வெட்டும்போது சதுரக் குழி உதவாது. கோட்டைக்குள்ளிருந்து மதிலைக் குறுக்காகக் கடந்து அகழி வரைக்கும் 2 மீட்டர் அகலத்தில் நீளமான ஒரே வெட்டு வேண்டும். மதில், அதன் சரிவு, அகழிக்குள் தள்ளிய இடிபாடு மூன்றும் ஒரே வெட்டுமுகத்தில் தெரிந்தால்தான் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியும். ஒரு பருவத்துக்கு இப்படி ஒன்று போதும். வெட்டிய மதில் திரும்ப வராது.

ஆழத்தை மேற்பரப்பிலிருந்து அளக்காதீர்கள். மேடு சரிவானது. ஒரே குழியில் கிழக்கு மூலைக்கும் மேற்கு மூலைக்கும் 40 செ.மீ. வித்தியாசம் வரும். தள்ளி ஒரு நிலையான கல்லில் மட்டக்குறி வைத்து, எல்லா ஆழத்தையும் டம்பி லெவலில் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.

மண்சுவரும் மண், சுற்றியுள்ளதும் மண். எப்படிப் பிரித்தறிவது?

பயிற்சியில் கடினமானது இதுதான். இதற்கு அவசரப்படாத கண் வேண்டும்.

முதலில் குழியின் தரையை மட்டமாகச் சுரண்டுங்கள். கரணையைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பால் உங்களை நோக்கி இழுக்க வேண்டும், முனையால் குத்தக் கூடாது. தூசியைப் பெருக்கி எடுத்துவிட்டுக் கை ஸ்பிரேயரில் தண்ணீரைப் பனி போல அடியுங்கள். பூச்சிமருந்து அடித்த பழைய ஸ்பிரேயர் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருங்கள். மிதித்து இறுக்கிய சுவர்மண் ஒரு வேகத்தில் காயும், தளர்ந்த இடிபாடு வேறு வேகத்தில் காயும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும், கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போகும். தெரிந்த உடனே ஆணியால் லேசாகக் கீறி வைத்துக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிச் சாய்வெயிலில் இது நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை.

அப்புறம் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. ஒரு படை மண் வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. ஆகவே படுக்கைக் கோடுகள் தெரிய வேண்டும். குழைத்த மண்ணில் கலந்த வைக்கோல் மக்கிப்போய், ஊசி நுழையும் அளவுக்குத் துளைகளாக நிற்கும். உள்ளே கிடக்கும் ஓட்டாஞ்சில்லுகள் தலைகீழாகவும் செங்குத்தாகவும் தாறுமாறாக இருக்கும். இடிபாடு அப்படியல்ல. சுவரையொட்டிக் கனமாகத் தொடங்கி ஆப்பு மாதிரி மெலிந்துகொண்டே போகும், அதிலுள்ள சில்லுகளும் அந்தச் சரிவோடு சாய்ந்து படுத்திருக்கும். சுவர் ஓரத்தில் சாணப்பூச்சோ சுண்ணாம்போ இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் கோடாகத் தெரிந்தால் அதுதான் உண்மையான சுவர்முகம்.

வழக்கமான தவறு, இல்லாத சுவரை உண்டாக்குவது. சுவர் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு நேராக வெட்டிக்கொண்டே போனால் எந்த மண்ணிலும் அழகான சுவர் ஒன்று வந்துவிடும். கோடு இருப்பதாகத் தோன்றும் இடத்துக்கு 5 செ.மீ. முன்னாலேயே நிறுத்தி, மீதியைக் கரணையால் சுரண்டி எடுங்கள். மண் தானாகப் பூச்சை விட்டு உரிந்து வந்தால் சுவர். வராவிட்டால் உங்கள் கற்பனை.

கரிசலில் 80 செ.மீ. ஆழத்தில் பாக்குப் பொட்டலத் தாள் வந்தது. யாரோ ஏற்கெனவே தோண்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. கரிசல் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். வெடிப்பு ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும், கை நுழையும் அகலமும் இருக்கும். மேலே கிடக்கும் மணி, காசு, தாள் எல்லாம் அதில் விழுந்து, அடுத்த மழையில் வாய் மூடிக்கொள்ளும். ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் வேலை செய்பவர்கள் இதை முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது: வெடிப்புகளை வரைபடத்தில் குறியுங்கள், அதில் அடைந்த தளர்மண்ணை முதலில் தனியாக எடுத்துத் தனிப் பையில் போடுங்கள், பிறகுதான் அடுக்கைத் தொடுங்கள். சிறிய பொருள் ஒன்றே ஒன்றை வைத்து அடுக்குக்குக் காலம் சொல்லாதீர்கள். பெரிய பானை விளிம்பு வெடிப்பில் இறங்காது, பாசிமணி இறங்கும். திறந்த குழியை இரவில் ஈரச் சாக்கால் மூடாவிட்டால் இரண்டே நாளில் புது வெடிப்பு விழுந்து வெட்டுமுகம் கட்டியாகச் சரியும். சீமைக்கருவேல வேரும் இதே வேலையைச் செய்யும். வேரை இழுத்துப் பிடுங்காதீர்கள், கத்தரியால் நறுக்குங்கள். இழுத்தால் கால் சுவரும் கூடவே வரும்.

ஒரு நாளில் எவ்வளவு தோண்டலாம்?

4.5 மீட்டர் குழியில் 10 செ.மீ. இறக்கினால் 2 கன மீட்டர் மண். கிளறிய பிறகு பெருகும், இரும்புச் சட்டிக் கணக்கில் இருநூறைத் தாண்டும். அத்தனையும் சல்லடைக்குப் போக வேண்டும். ஆறு மாணவர், இரண்டு வேலையாள் இருந்தால் மேல்மண்ணில் ஒரு நாளைக்கு 10 செ.மீ. நியாயமான வேகம். அந்தக் காலத்தில் ஆட்கள் புழங்கிய தரைமட்டம் வந்துவிட்டால் ஒரு நாளில் ஒரு செ.மீ. கூட இறங்காமல் இருக்கலாம். அதுவும் வேலைதான். அள்ளிய மண்ணைக் குழி ஓரத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். ஆழம் 1.2 மீட்டரைத் தாண்டினால் படி வெட்டாமல் உள்ளே இறங்க வேண்டாம்.

சல்லடைக்கு 5 மில்லிமீட்டர் கண் போதும். அடுப்படி, தரைமட்டம், அகழியின் அடிவண்டல் ஆகியவற்றுக்கு 2 மில்லிமீட்டர். ஈரக் கரிசல் சல்லடையில் உருண்டையாகத்தான் உருளும். அதை நிழலில் உலர்த்திக் கையால் உதிர்த்துப் போடுங்கள், தேய்க்காதீர்கள்.

என்ன கிடைக்கும்? காலம் எப்படிச் சொல்வது?

நூற்றுக்குத் தொண்ணூறு பானை ஓடு. அதற்கு அடுத்து எலும்பு, வளையல் துண்டு, ஆணி, செங்கல். நாட்டுச் சட்டிபானையின் வடிவம் மெதுவாகவே மாறும் என்பதால் நெருக்கமான காலக்கணக்குக்கு வேறு துணை தேடுவோம்.

கம்பெனியின் 1808ஆம் ஆண்டு 20 காசு, 10 காசுச் செம்புகள் ஆண்டு பொறித்தவை. அவை கிடந்த அடுக்கு 1808க்கு முந்தியது அல்ல, எவ்வளவு பிந்தியது என்பது வேறு கேள்வி. டச்சுக்காரர் செம்புக்காசில் வி, ஓ, சி மூன்று எழுத்தும் பின்னி நிற்கும். தூத்துக்குடி மாணவர்கள் அதைப் பார்த்ததும் சிதம்பரனாரைச் சொல்வார்கள். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம். 1658 முதல் தூத்துக்குடி அவர்கள் கையில் இருந்ததால் அந்தக் காசு உள்நாடு வரை வந்திருப்பதில் வியப்பில்லை. மங்களூர்க் கூரை ஓட்டுத் துண்டு வந்தால் 1865க்குப் பிந்தியது, பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அங்கே தொழிற்சாலை தொடங்கியதே அப்போதுதான். கோலி சோடா பாட்டிலின் கழுத்து வந்தால் 1872க்குப் பிந்தியது. அச்சுக் கோடு பாட்டிலின் வாய் வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் செய்தது, 20ஆம் நூற்றாண்டு.

சுவருக்குள்ளிருந்து வரும் பொருள் சுவரின் வயதைச் சொல்லாது. அந்த மண்ணை எங்கிருந்தோ வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய ஊரிருக்கை மண் என்றால் 18ஆம் நூற்றாண்டுச் சுவரில் பல நூற்றாண்டு பழைய கருப்பு சிவப்புப் பானை ஓடு இருக்கும். சுவர், அதிலுள்ள மிகப் புதிய பொருளைவிடப் பழையது அல்ல. சொல்ல முடிவது அவ்வளவுதான்.

ஏமாற வைக்கும் ஒரு சிறு பொருள்: துப்பாக்கிச் சக்கிமுக்கிக் கல். ஆப்பு வடிவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். தேரிக்காட்டு நுண்கற்கருவிகளைப் பார்த்துப் பழகிய நம்மூர் மாணவர்கள் இதையும் கற்காலம் என்று எழுதிவிடுவார்கள். தேரியில் பெரும்பாலும் கிடைப்பது குவார்ட்சும் செர்ட்டும். இங்கிலாந்துச் சக்கிமுக்கி கருப்பு, பிரெஞ்சு தேன் நிறம். ஓரத்தில் இரும்பு அடித்த நசுங்கலும் இருக்கும்.

குண்டு கிடைத்தால்?

கம்பெனிச் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக் குண்டு ஈயம். சுமார் 17.5 மில்லிமீட்டர் விட்டம், 32 கிராம் எடை, மேலே வெள்ளைப் பூச்சு. அந்த வெள்ளையைச் சுரண்டாதீர்கள், அது ஈயத்தின் துரு, நஞ்சும் கூட. கையுறை போட்டு எடுங்கள், சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வார்ப்புக் கோடு தெளிவாக இருந்தால் சுடாமல் கீழே விழுந்தது, ஒரு பக்கம் தட்டையானால் எதன் மீதோ மோதியது. மதிலின் எந்தப் பக்கத்தில் எது அதிகம் என்று குறித்து வந்தால் தாக்குதல் வந்த திசை தெரியவரும். ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் டோட்டல் ஸ்டேஷனில் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று அளவும் எடுக்க வேண்டும், மொத்தமாகப் பையில் போடுவது பாவம்.

இரும்புக் குண்டில் துளை இருந்தால் வேலையை நிறுத்தி எல்லோரும் வெளியேறுங்கள். உள்ளீடற்ற வெடிகுண்டாக இருக்கலாம். தூக்கவோ தட்டவோ கழுவவோ வேண்டாம். இயக்குநர் மூலம் போலீசுக்குச் சொல்ல வேண்டியது.

"என்ன தம்பி, தங்கம் கெடச்சுதா?" என்று ஊரில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

குழியைக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் வதந்தி. "இல்ல அண்ணாச்சி, இந்தா பாருங்க, ஓட்டாஞ்சில்லுதான்" என்று தட்டை நீட்டினால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும், கலையாமல் நிற்பவர் நல்ல தகவல் சொல்லப்போகிறவர். உழும்போது எங்கே செங்கல் தட்டியது, எந்தப் பள்ளத்தை அகழி என்று தாத்தா சொன்னார் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. மதிப்புள்ளது எதுவும் அகப்பட்டால் அது அரசின் கணக்கில் போகும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டபொம்மன், பூலித்தேவன் பெயர்களை இந்தப் பக்கம் வரலாறாக மட்டும் வைத்திருக்கவில்லை. கிண்டல் செய்யாதீர்கள், யார் பக்கம் நியாயம் என்று வழக்காடவும் வேண்டாம்.

வெட்டுமுகம் வரைவது வரவே மாட்டேன் என்கிறது.

கைத்திறன் குறைவல்ல, நூல் மட்டமாக இல்லை. இரண்டு ஆணிக்கு நடுவே நூலை இறுக்கி, ரசமட்டத்தை நடுவில் தொங்கவிட்டுக் குமிழ் மையத்துக்கு வரும் வரை சரிசெய்யுங்கள். நூலோடு டேப்பைக் கட்டி, 25 செ.மீ.க்கு ஒருமுறை மேலும் கீழும் அளந்து 1:20 அளவில் கிராப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். தரையில் ஒரு மீட்டர் என்றால் தாளில் 5 செ.மீ. கோடு தெளிவாகத் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு வரையுங்கள். அழகுக்காக இணைக்கப்பட்ட கோடு பொய்க்கோடு. ஒருவர் அளக்க, ஒருவர் வரைய, மண்ணின் நிறத்தை மன்செல் நிற அட்டையில் ஈரமாக வைத்து ஒரே ஆள் பார்க்க வேண்டும்.

பை நிறையப் பானை ஓடு இருக்கிறது, சீட்டைக் காணோம். ஞாபகத்தில் எழுதிவிடலாமா?

கூடாது. சீட்டு இல்லாத ஓடு வெறும் ஓடு. இடத்தின் பெயர்ச்சுருக்கம், ஆண்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம், தேதி, எடுத்தவர் பெயரெழுத்து என்று ஒரு சீட்டு பைக்குள், ஒன்று வெளியே. ஓடு கழுவும்போதும் சீட்டு அந்தத் தட்டிலேயே இருக்க வேண்டும். அகழாய்வில் அதிகத் தகவல் தொலைவது குழியில் அல்ல, கழுவும் வாளியருகில்.

பாளையங்கோட்டையிலேயே பயிற்சி எடுக்க முடியாதா?

தோண்ட முடியாது, அளக்கலாம். ஊருக்குப் பெயர் கொடுத்த கோட்டையின் கல்மதில் பெரும்பகுதி போய்விட்டது, வாசல்கள் மிஞ்சியிருக்கின்றன. மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று ஊர் சொல்லும் மேற்கு வாசல் கட்டட அளவைப் பயிற்சிக்கு அருமையான இடம்: கல்வரிசை உயரம், சுண்ணாம்புக் காரையின் கனம், பிற்காலச் செங்கல் ஒட்டுவேலை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

பாம்பு?

சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. காலையில் சாக்கை எடுக்கும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள், கல்லுக்கு அடியில் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரி, 108. வெயிலுக்கு மோரோ நீராகாரமோ உப்புப் போட்டு. வேலை நேரம் காலை ஆறரை முதல் பன்னிரண்டரை, பிற்பகல் ஓடு கழுவவும் எழுதவும்.

கடைசியில் குழியை ஏன் மூடுகிறோம்?

மண்சுவர் ஒரு மழைக்காலம் வெளியே நின்றால் கரைந்துவிடும், ஆடு மாடும் விழும். வெட்டுமுகத்திலும் அடியிலும் நைலான் வலை விரித்து, சுவரையொட்டிச் சலித்த மண்ணை மூட்டைகளாக அடுக்கி, மீதிக்கு அள்ளிய மண்ணையே 20 செ.மீ. 20 செ.மீ. ஆகப் போட்டு மிதிக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளினால் அடுத்த ஐப்பசியில் நடுவில் குழி விழும். மேலே ஒரு சாண் குவித்துவிடுங்கள், அமுங்கும். வலைக்குக் கீழே குழியின் அடியில் இந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட மறக்காதீர்கள். பின்னால் வந்து தோண்டுபவருக்கு நாம் எதுவரை போனோம் என்று அதுதான் சொல்லும்.